திரவ ஒழுக்கக் குழு

மூங்கில்கொல்லைக்குத் தபால்காரர் வாரம் ஒருமுறைதான் வருவார். 1978ஆம் வருஷம் ஆவணி மாதத்தில் ஒருநாள் அவர் மாதையனிடம் ஒரு பழுப்பு நிறக் கவரைக் கொடுத்துவிட்டுப் போனார். மாதையன் அதைப் பள்ளிக்கூட வாத்தியாரிடம் எடுத்துப்போனார். வாத்தியார் முதலில் மனசுக்குள் படித்துக்கொண்டார். பிறகு உரக்கப் படித்தார்.

"தங்கள் மகன் மா. தீர்த்தகிரி, பி.எஸ்சி. தாவரவியல் இரண்டாம் ஆண்டு, திரவம் தொடர்பான ஒழுங்கீனத்தில் ஈடுபட்டு வருவது எமது கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டுள்ளது. தாங்கள் வரும் வெள்ளியன்று காலை பத்து மணிக்குக் குழுவின் முன் ஆஜராகவும்."

"திரவம்னா இன்னாங்க?" என்று கேட்டார் மாதையன்.

"தண்ணி மாதிரி ஓடுறதெல்லாம் திரவம். ஏதோ தண்ணி விசயம்னு வெச்சிக்குங்க."

மாதையன் வீட்டுக்கு வந்து மனைவி பாஞ்சாலியிடம், ஹாஸ்டலில் தண்ணீர்க் கஷ்டம் போலிருக்கிறது, பையன் அதற்காக யாருடனோ சண்டை போட்டிருக்கிறான் என்றார். பாஞ்சாலிக்கும் அதுதான் சரியென்று பட்டது. "ரெண்டு வேளை குளிக்கிற புள்ள. தண்ணி இல்லன்னா கேக்கத்தான செய்வான்" என்றாள். வெள்ளிக்கிழமை விடிவதற்குள் மாதையன் மலையிறங்கி ஆலங்காயத்தில் பஸ் பிடித்தார். கையில் மகனுக்குக் கொஞ்சம் சாமை மாவும் ஒரு பாட்டில் தேனும் இருந்தன.

ராவ்பகதூர் கங்காதரம் கலைக் கல்லூரியில் திரவம் என்ற சொல் வந்த கதையை இங்கே சொல்லிவிட வேண்டும். அப்போது மாநிலத்தில் மதுவிலக்கு அமலில் இருந்தது. கல்லூரி முதல்வர் ஆதிகேசவலு சட்டத்தை மதிப்பவர். இல்லை என்று சட்டம் சொல்லிவிட்ட ஒன்றை இருக்கிறது என்று எழுத அவருக்குக் கை வரவில்லை. விடுதியில் முப்பது மாணவர்கள் தினமும் சாராயம் குடிக்கிறார்கள் என்று உதவிக் காப்பாளர் சனாவுல்லா எழுதிக் கொடுத்தபோது, முதல்வர் சிவப்பு மைப் பேனாவை எடுத்து 'குடிக்கிறார்கள்' என்பதை அடித்து 'உட்கொள்கிறார்கள்' என்று திருத்தினார். 'சாராயம்' இருந்த இடத்தில் வெகுநேரம் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தார். கடைசியில் 'திரவம்' என்று எழுதினார். அன்றே ஏழு பேராசிரியர்கள் கொண்ட திரவ ஒழுக்கக் குழு அமைக்கப்பட்டது. முதல் கூட்டத்தில் குழுவுக்கு முத்திரை செய்வது பற்றியும் இரண்டாம் கூட்டத்தில் முத்திரையில் கவிழ்ந்த குவளை இருக்க வேண்டுமா, நிமிர்ந்த குவளை இருக்க வேண்டுமா என்பது பற்றியும் விவாதித்தார்கள். மூன்றாம் கூட்டத்துக்குத்தான் மாதையனை அழைத்திருந்தார்கள்.

குழு ஒரு நீள மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது. நடுவில் முதல்வர். ஓரத்தில் கோப்புகளோடு சனாவுல்லா நின்றார். அவர் வரலாற்றுத் துறையில் தற்காலிக விரிவுரையாளர். குழுவில் உறுப்பினர் அல்ல. விஷயம் தெரிந்தவர் என்பதால் நிற்க அனுமதித்திருந்தார்கள்.

"நீங்க மலைக்காரர்தானே?" என்று முதல்வர் ஆரம்பித்தார்.

"ஆமாங்க சாமி. மூங்கில்கொல்லை."

"தினமும் எவ்வளவு உட்கொள்வீங்க?"

"இன்னாது சாமி?"

"திரவம்."

மாதையன் யோசித்தார். "காலையில ஒரு சொம்பு. கொல்லையில வேலைக்குப் போனா ஒரு குடம் எடுத்துக்கினு போவோம். வெயில் காலத்துல அதுவும் பத்தாதுங்க."

ஏழு பேரும் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டார்கள்.

"வீட்ல பெண்களும்?"

"அவங்களுக்கும் தாகம் எடுக்கும் இல்லீங்களா?"

அதையும் எழுதிக்கொண்டார்கள். சனாவுல்லாவால் பொறுக்க முடியவில்லை. "மாதையன், அவங்க தண்ணியைக் கேக்கல. சாராயத்தைக் கேக்கறாங்க. உங்க பையன் குடிக்கிறான். ஒரு வருஷமா."

முதல்வர் சனாவுல்லாவைப் பார்த்தார். "மிஸ்டர் சனாவுல்லா, குழுவின் நடவடிக்கையில் அந்தச் சொல்லுக்கு இடமில்லை." குறிப்பெடுப்பவர் அந்தச் சொல்லை அடித்தார்.

மாதையனுக்கு அறை கொஞ்சம் தள்ளிப் போனது மாதிரி இருந்தது. மலையில் அந்தப் பக்கத்து நாலு ஊர்களில் காலேஜ் வாசலை மிதித்த முதல் பிள்ளை தீர்த்தகிரி. லீவுக்கு வரும்போது இளைத்துத் தெரிந்தான். படிப்பு அதிகம் என்று நினைத்திருந்தார்கள். கை நடுங்கியதைப் பாஞ்சாலி ஒருமுறை பார்த்துச் சொன்னாள். குளிர் என்று இவர்தான் சமாதானம் சொல்லியிருந்தார்.

"நான் அதத் தொட்றதில்ல சாமி" என்றார் மெதுவாக. "எங்க ஊர்லயே இப்ப யாரும் தொட்றதில்ல."

குழுவுக்கு இது சங்கடமாகிவிட்டது. மாணவர்களின் ஒழுங்கீனத்துக்கு மலைப் பரம்பரையே காரணம் என்று அறிக்கையின் முதல் பாகத்தை அச்சுக்கே கொடுத்துவிட்டிருந்தார்கள்.

"அவசரப்படாம யோசிச்சுச் சொல்லுங்க" என்றார் முதல்வர் கனிவாக. "உங்க அப்பா?"

"இல்லீங்க."

"தாத்தா?"

"தாத்தா கண்ணாலம் காட்சின்னா குடிப்பாருன்னு சொல்லுவாங்க. நான் பாத்ததில்ல."

"மூன்று தலைமுறை" என்று முதல்வர் சொல்ல, குறிப்பெடுப்பவர் எழுதினார். எல்லார் முகத்திலும் தெளிவு வந்தது.

பிறகு தீர்த்தகிரியைக் கூப்பிட்டார்கள். அவன் கதவருகிலேயே நின்றான். கண்ணின் வெள்ளை, பழுத்த மாவிலை நிறத்தில் இருந்தது. அப்பாவைப் பார்த்ததும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். மாதையன் தேன் பாட்டிலை எடுத்து நீட்டினார். "அம்மா தேன் குடுத்து வுட்டாடா" என்று மட்டும் சொன்னார்.

கூட்டம் முடிந்தபின் சனாவுல்லா அவரைப் புங்கமரத்தடிக்கு அழைத்துப்போய் நடந்ததைச் சொன்னார். முதல் வருஷம் விடுதியில் சேர்ந்த அன்றே சீனியர் பையன்கள், ஜவ்வாது மலைக்காரன்தானே, சரக்கு கொண்டு வா என்று கேட்டிருக்கிறார்கள். தனக்கு அது தெரியாது என்று சொல்ல இவனுக்கு வெட்கம். விடுதிச் சமையற்கட்டின் பின்சுவரில் ஒரு ஓட்டை இருக்கிறது. அந்தப் பக்கம் கையை நீட்டினால் டம்ளர் வரும். அங்கே வாங்கி, மலையிலிருந்து வந்தது என்று கொடுத்திருக்கிறான். நீ குடிக்காமல் எங்களுக்கு மட்டும் கொடுப்பாயா என்று கேட்டார்கள். குடித்தான். அவர்கள் இப்போது படிப்பு முடித்துப் போய்விட்டார்கள். இவனால் நிறுத்த முடியவில்லை.

"அந்த ஓட்டைய அடச்சுட்டா?"

"மூணு தடவை எழுதினேங்க. ஓட்டை வழியா என்ன வருதுன்னு கேட்டாங்க. எழுதினேன். அப்படி ஒண்ணு மாநிலத்துலயே கெடயாது, இல்லாத பொருள் வர்றதுக்கு ஓட்டை எதுக்குன்னு பதில் வந்துச்சு."

மாதையன் மரத்தடியில் உட்கார்ந்தார். பிறகு ஒரு விஷயம் சொன்னார். இரண்டு வருஷத்துக்கு முன் அவர்கள் ஊரில் ஓர் ஆள் குடித்துச் செத்துப்போனான். பெண்கள் எல்லாரும் சேர்ந்து சாராய ஊறல் பானைகளை உடைத்தார்கள். அது ஒரு நாள் வேலை. அதற்கப்புறம்தான் பாடு. ரங்கசாமி என்று ஒருவன், விடவே முடியாமல் துடித்தான். ஊரில் முறை வைத்துக்கொண்டு, ஒரு மாசம் அவன் பக்கத்திலேயே யாராவது ஒருவர் இருந்தார்கள். அவன் ஏர் பிடித்தால் கூடப் பிடிப்பது, அவன் அழுதால் உட்கார்ந்திருப்பது, அவ்வளவுதான். "இப்ப நல்லாக் கீறான் சாமி. இவன ஒரு மாசம் என்கூட அனுப்புங்க. கொல்லையில என் பக்கத்துலயே வெச்சிக்கிறேன்."

சனாவுல்லா உடனே அவரை முதல்வரிடம் அழைத்துப்போனார். முதல்வர் விடுப்பு விதிகள் அடங்கிய புத்தகத்தை எடுத்துப் பொறுமையாகப் பார்த்தார்.

"உடல்நலக் குறைவுன்னா டாக்டர் சான்று வேணும். அவன் வியாதிக்காரன் இல்லை, ஒழுங்கீனக்காரன். சகோதரி திருமணம்னா மூணு நாள்."

"பொண்ணு இல்லீங்க சாமி."

"பெற்றோர் மரணம்னா பதினஞ்சு நாள் உண்டு. அதுக்கு மேல போனா வருகைப் பதிவு குறையும். குறைஞ்சா பரீட்சை எழுத முடியாது. நான் என்ன செய்ய முடியும், நீங்களே சொல்லுங்க."

பதினைந்து நாள் என்பதை மாதையன் ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தார். பிறகு கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார்.

புரட்டாசியில் குழு தன் முதல் நடவடிக்கையை எடுத்தது. எல்லா மாணவர்களும் ஓர் உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும். அதன் வாசகம் முதல்வரே எழுதியது: 'நான் இதுவரை திரவம் உட்கொண்டதில்லை, இனியும் உட்கொள்ள மாட்டேன்.' முதல் பகுதியில் எப்படிக் கையெழுத்துப் போடுவது என்று நேர்மையான இரண்டு மாணவர்கள் தயங்கினார்கள். அவர்கள் மேல் நடவடிக்கை எடுக்கப்பட்டது. மற்ற எண்ணூற்றுப் பதினோரு பேரும் கையெழுத்திட்டார்கள். அன்று மாலை நாலரை மணிக்கு, கல்லூரியில் குடிப்பவர் எவருமில்லை என்பது ஆவணமாகிவிட்டது. தீர்த்தகிரியும் கையெழுத்துப் போட்டிருந்தான். கை நடுங்கியதில் எழுத்து கோணலாக வந்ததால், மறுபடி அழகாகப் போடச் சொன்னார்கள். மறுபடியும் போட்டான்.

அடுத்து பேச்சுப்போட்டி. 'திரவத்தின் தீமைகள்.' மற்ற பையன்கள் மனப்பாடம் செய்துகொண்டு வந்து ஒப்பித்தார்கள். தீர்த்தகிரி எழுதி எடுத்து வரவில்லை. "காலையில எழுந்ததும் கை நம்ம கையா இருக்காது. அது ஒண்ணைத் தேடும். கிடைக்கிற வரைக்கும் அம்மா முகம்கூட ஞாபகத்துக்கு வராது" என்று ஆரம்பித்து ஆறு நிமிஷம் பேசினான். சனாவுல்லா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பேசி முடிக்கும்வரை அவனிடம் வாடை அடித்தது. முதல் வரிசையில் இருந்த நடுவர்கள் கைக்குட்டையால் மூக்கைப் பிடித்துக்கொண்டே முதல் பரிசுக்குச் சிபாரிசு செய்தார்கள்.

முதல்வர் நெகிழ்ந்துபோனார். "அனுபவிக்காமலே இவ்வளவு தத்ரூபமாகப் பேச முடிகிறதென்றால், அதுதான் கல்வி" என்று பாராட்டி, அவனைத் திரவ ஒழுக்கக் குழுவின் மாணவர் செயலாளராக நியமித்தார். சட்டைப்பையில் குத்திக்கொள்ள ஒரு பித்தளை வில்லையும் கொடுத்தார்கள். அதில் குவளை கவிழ்ந்திருந்தது.

சனாவுல்லா அன்று தனியாக முதல்வரைப் பார்த்து, அந்தப் பையன் உதவி கேட்டுத்தான் பேசினான், ஒரு டாக்டரிடம் காட்டலாம் என்றார்.

"செயலாளரை டாக்டரிடம் காட்டினால் குழுவைப் பற்றி வெளியே என்ன நினைப்பார்கள்?" என்றார் முதல்வர். "உங்கள் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை இல்லையா?"

சனாவுல்லாவுக்கு மூன்று பெண் குழந்தைகள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

கல்லூரி சுத்தமாகிவிட்டதால் குழுவுக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. ஆகவே மலைவாசிகளைத் திருத்துவது என்று தீர்மானித்தார்கள். நாற்பது மாணவர்களோடு பத்து நாள் சமூக சேவை முகாம். இடம், செயலாளரின் சொந்த ஊரான மூங்கில்கொல்லை. தை மாதம் லாரியில் வந்து இறங்கினார்கள்; லாரி அன்றே திரும்பிப் போய்விட்டது. பள்ளிக்கூடத்திலும் கோயில் முன்னால் போட்ட பந்தலிலும் தங்கினார்கள்.

ஊர்க்காரர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. காலையில் மாணவர்கள் வீடு வீடாகப் போய், குடிக்காதீர்கள் என்று சொன்னார்கள். குடிக்கிறதில்லையே என்று ஊர்க்காரர்கள் சொன்னார்கள். அதையும் ஒரு படிவத்தில் 'மறைக்கிறார்கள்' என்று எழுதிக்கொண்டார்கள். பச்சையம்மா என்ற பெண்ணிடம் நாலு தடவை நாலு பேர் வந்து கேட்டுவிட்டார்கள். ஐந்தாவதாக வந்தவனிடம் அவள், "ஆமாம்ப்பா, குடிக்கிறேன். போதுமா? களி கிண்டணும், வழிய வுடு" என்றாள். முகாமின் முதல் வெற்றி என்று அது பதிவாயிற்று.

மூன்றாம் நாள், அடிவாரத்திலிருந்து ஓர் ஆள் கழுதையின் மேல் இரண்டு கேன்களோடு ஏறி வந்தான். நாற்பது மாணவர்கள் தங்கியிருக்கும் செய்தி கேட்டு வந்தவன். ஓடையோரம் நாலு கீற்றைக் கட்டி உட்கார்ந்தான். மாணவர்கள் பல் விளக்க ஓடைக்குப் போனால் திரும்ப ஒன்பது மணி ஆயிற்று.

பாஞ்சாலி மகனைப் பார்த்த அன்றே முடிவு செய்துவிட்டாள். "இவன் இங்கயே இருக்கட்டும். முகாமும் வேணாம் மண்ணும் வேணாம்" என்றாள். மாதையன் முகாமில் இருந்த சனாவுல்லாவிடம் கேட்க, அவர் கல்லூரிக்குச் சொல்லி அனுப்பினார். செயலாளர் இல்லாமல் நிறைவு விழா எப்படி நடத்துவது, விழா முடிந்ததும் பார்க்கலாம் என்று முதல்வரிடமிருந்து பதில் வந்தது.

நிறைவு விழாவுக்கு முதல்வரும், ஜீப்பில் ஒரு பெரிய அதிகாரியும் வந்தார்கள். அதிகாரி கையால் ஊறல் பானைகளை உடைப்பது விழாவின் சிகரம். ஊரில்தான் பானை இல்லையே. முதல்வர் மாதையனைக் கூப்பிட்டார்.

"ஒரு அஞ்சு பானை ஏற்பாடு பண்ணுங்க."

"உடச்சிட்டோம் சாமி. ரெண்டு வருசம் ஆச்சு."

"யாரைக் கேட்டு உடைச்சீங்க? ஒரு விழா வெச்சு, பெரியவங்களைக் கூப்பிட்டு உடைக்க வேண்டாமா?"

மாதையன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். தப்பு செய்துவிட்டோமோ என்றுகூட அவருக்குத் தோன்றியது.

நல்லவேளையாக, எங்கோ ஒரு வழக்கில் பிடிபட்ட ஐந்து பானைகளைச் சரக்கோடு போலீஸ் ஜீப்பில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். ஜீப் நின்ற இடத்திலிருந்து பந்தலுக்குப் பானைகளைத் தூக்கி வரும் பொறுப்பு மாணவர்களுக்குத் தரப்பட்டது. இருநூறு அடி தூரம். அதைக் கடக்க அவர்களுக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. வழியில் ஓடை இருந்தது.

அதிகாரி மாலை போட்ட தடியால் முதல் பானையை உடைத்தார். தெளிந்த தண்ணீர் ஓடியது. இரண்டாவதிலும் தண்ணீர். அதிகாரி திரும்பி முதல்வரைப் பார்த்தார். முதல்வர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"பெருமக்களே, இந்தப் பானைகள் இந்த மண்ணுக்கு வரும்போது இவற்றில் என்ன இருந்தது என்பது போலீஸ் ஆவணங்களில் இருக்கிறது. இப்போது என்ன இருக்கிறது என்பதை நீங்களே கண்டீர்கள். நம் மாணவர்களின் கை பட்ட இருநூறு அடி தூரத்தில் இந்த மாற்றம் நிகழ்ந்திருக்கிறது. இதைவிடப் பெரிய வெற்றி எந்தக் கல்லூரிக்குக் கிடைத்திருக்கிறது?"

பலத்த கைதட்டல். அதிகாரி எழுந்து, மூங்கில்கொல்லையைத் திரவம் அறியாத கிராமமாக அறிவித்தார். அப்படிச் சொல்லும் பலகை ஒன்றையும் திறந்து வைத்தார். அது நடப்பட்ட இடம் ஓடையோரக் கடைக்குப் பத்தடி மேற்கே. கடைக்காரனும் எழுந்து நின்று கைதட்டினான்.

அடுத்து மாணவர் செயலாளர் பேச வேண்டும். தீர்த்தகிரி மேடையேறியபோது பந்தல் காலைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினான். முதல்வர் எழுதிக்கொடுத்த தாள் அவன் கையில் ஆடியது.

"இந்த லட்சியத்துக்காக" என்று படித்தான். "இந்த லட்சியத்துக்காக என் ரத்தத்தைச் சிந்தவும்..."

நிறுத்தினான். குனிந்தான். வாயிலிருந்து கருஞ்சிவப்பாக ரத்தம் கொட்டியது. மேடைப் பலகையிலும் தாளிலும் வில்லையிலும் தெறித்தது.

முன்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். இவ்வளவு உணர்ச்சிகரமான நிகழ்ச்சி என்று அதிகாரியும் தட்டினார். பந்தல் முழுக்கத் தட்டியது. அதற்குள் மாதையன் மேடைமேல் ஏறி மகனைத் தாங்கிப் பிடித்திருந்தார். பாஞ்சாலியின் அலறல் கைதட்டல் ஓய்ந்த பிறகுதான் கேட்டது.

"சாமி, ஜீப்புல ஆலங்காயம் கொண்டு போய்டலாம் சாமி" என்று மாதையன் அதிகாரியைக் கும்பிட்டார்.

"ஒரு ஜீப்பில் நாங்கள் போகவேண்டும். நன்றியுரையும் தேசிய கீதமும் பாக்கி இருக்கிறது. முடிந்ததும் கிளம்பிவிடுவோம்" என்றார் அதிகாரி. "இன்னொரு ஜீப் போலீசுடையது. பானைத் துண்டுகளை எண்ணி ஏற்றிக்கொண்டு போகவேண்டும். கோர்ட் சொத்து. ஒரு துண்டு குறைந்தாலும் வழக்கு நிற்காது."

சனாவுல்லா அப்போதுதான் முதல் முறையாகக் கத்தினார். என்ன கத்தினார் என்று யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை, நன்றியுரை தொடங்கிவிட்டது. அவர் ஒரு போர்வையைக் கொண்டுவந்தார். ஊர்க்காரர்கள் மூங்கில் கழியில் அதைத் தூளியாகக் கட்டினார்கள். ரங்கசாமியும் இன்னும் மூன்று பேரும் தோள் கொடுத்தார்கள். சனாவுல்லாவும் முறை மாற்றிச் சுமந்தார்; தோல் செருப்பு அறுந்துபோய் வெறுங்காலோடு நடந்தார். பாதி தூரத்தில் பின்னாலிருந்து ஹாரன் சத்தம் கேட்டது. தூளியை ஓரமாக இறக்கி வழிவிட்டார்கள். இரண்டு ஜீப்புகளும் புழுதி கிளப்பிக்கொண்டு போயின. இரண்டாவதில் பானைத் துண்டுகள் குலுங்கும் சத்தம் கொஞ்ச தூரம் வரை கேட்டது.

ஆலங்காயத்தில் டாக்டர் கனீஸ் ஃபாத்திமா அவனைச் சேர்த்துக்கொண்டார். இரண்டு நாள் சொல்ல முடியாத நிலைமை. மூன்றாம் நாள் கண் திறந்தான். டாக்டர் மாதையனை வெளியே கூப்பிட்டார்.

"ஈரல் கெட்டிருக்கு. இருபது வயசுல இப்படி நான் பார்த்ததில்ல. இனிமே ஒரு சொட்டு உள்ள போனாலும் என்கிட்ட கொண்டு வராதீங்க. வந்தும் பிரயோஜனம் இருக்காது."

"வுட்டுட்டான்னா பொழச்சிப்பானாம்மா?"

"விட்டா பிழைச்சுக்குவான். விடறதுக்கு என்கிட்ட மருந்து இல்ல. யாராவது கூடவே இருக்கணும்."

அன்று மத்தியானம் சனாவுல்லா ஒரு தாளோடு வந்தார். வந்தவர் கட்டிலைப் பார்க்கவில்லை, மாதையனையும் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துப் பேசினார். கல்லூரியின் பெயர் ஒரு பெரிய விருதுக்குப் போயிருக்கிறது. செயலாளருக்கு வந்தது உணவு ஒவ்வாமை என்று பெற்றோர் எழுதிக்கொடுக்க வேண்டும். முகாமில் ஊர்க்காரர்கள் கொடுத்த களி ஒத்துக்கொள்ளவில்லை என்று வாசகம் தயாராக இருக்கிறது.

"நான் கொண்டு வந்திருக்கவே கூடாது" என்றார் சனாவுல்லா. "கொண்டு வரலன்னா நாளையிலேர்ந்து வராதேன்னு சொல்லிட்டாங்க."

மாதையனுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. மலையிலிருந்து தூளி சுமந்தவர். "இதுல கையெழுத்து வெச்சா, லீவு தருவாங்களா சார்?"

"உணவு ஒவ்வாமைன்னா வியாதி. ஆஸ்பத்திரியில சேத்ததுக்கு டாக்டர் சான்று இருக்கு. ஒரு மாசம் தருவாங்க."

"குடுங்க" என்றார் மாதையன். எழுத்துக் கூட்டித் தன் பெயரைப் போட்டார். பிறந்ததிலிருந்து பாஞ்சாலி கிண்டிய களியைத் தின்று வளர்ந்தவன் மகன். அது அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று அவர் கையாலேயே ஒப்புக்கொண்டார்.

இப்படித்தான் தீர்த்தகிரிக்கு அந்த ஒரு மாசம் கிடைத்தது.

முதல் பத்து நாள் நரகம். உதறினான், வியர்த்தான், சுவரில் ஏதோ ஊர்கிறது என்றான். மாதையன் பக்கத்திலேயே இருந்தார். பதினொன்றாம் நாள் களி கேட்டுச் சாப்பிட்டான். பதினைந்தாம் நாள் அப்பாவோடு புளி உலுக்கப் போனான். மரத்தின் மேலிருந்து, இந்த மரத்துக்குக் காலேஜில் என்ன பெயர் என்று சொன்னான். மாதையனுக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. இரண்டு பேரும் சிரித்தார்கள்.

முகாம் போய்விட்டது. கடை போகவில்லை. இருபதாம் நாள் ரங்கசாமி அங்கே உட்கார்ந்திருந்ததைப் பச்சையம்மா பார்த்துவிட்டு வந்து சொன்னாள். பாஞ்சாலியும் பெண்களும் போய்க் கீற்றைப் பிய்த்தெறிந்தார்கள். மறுநாள் அது மறுபடி கட்டப்பட்டிருந்தது. பெண்கள் அடிவாரம் போய் போலீசில் சொன்னார்கள். அங்கிருந்தவர் ஒரு பதிவேட்டைப் புரட்டினார்.

"மூங்கில்கொல்லையா? அது அறிவிச்சாச்சும்மா. அங்க அந்தப் பொருளே கெடயாது. இருக்குன்னு நீங்க எழுதிக் குடுத்தீங்கன்னா, அறிவிச்ச அதிகாரி பொய் சொன்னாருன்னு ஆவும். அவர்மேல புகார் குடுக்கிறீங்களா?"

பாஞ்சாலி பெண்களோடு மலையேறித் திரும்பி வந்தாள்.

இருபத்தாறாம் நாள் காலையில் தீர்த்தகிரியைக் காணவில்லை. மாதையனுக்கு எங்கே போகவேண்டும் என்று தெரிந்திருந்தது. அவன் ஓடையோரம் அந்த அறிவிப்புப் பலகைக்குக் கீழே உட்கார்ந்திருந்தான். கையில் டம்ளர். இன்னும் குடிக்கவில்லை.

"டாக்டரம்மா சொன்னது ஞாபகம் கீதா?"

"கீது நைனா."

"பின்ன ஏண்டா?"

"தெரில. தெரிஞ்சா வுட்ர மாட்டேனா?" அவன் டம்ளரையே பார்த்தான். "லீவு முடியப்போவுது. அங்கப் போய் நான் எப்படி இருப்பேன்? அந்த ஓட்டை அங்கயேதான கீது."

"போவாத. படிப்பு வேணாம்."

"நாலு ஊர்லயும் சொல்லிச் சொல்லி அனுப்பிச்சீங்க. இன்னா சொல்லிக்கினு திரும்பி வர்றது?"

மாதையன் டம்ளரை வாங்கிக் கீழே ஊற்றினார். அவன் தடுக்கவில்லை. இரண்டு பேரும் வீட்டுக்கு நடந்தார்கள்.

மறுநாள் விடியும்போதே மாதையன் கடைக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். யாரையும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. வழியில் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். எட்டு மணி சுமாருக்குத் தீர்த்தகிரி மேட்டில் தலை காட்டினான். அப்பாவைப் பார்த்து நின்றான். திரும்பிப் போய்விட்டான். அடுத்த நாளும் அப்படியே வந்தான், நின்றான், போனான். கொல்லையில் புளி உதிர்ந்து கிடந்தது, மாதையன் கவலைப்படவில்லை. கடைக்காரன்கூட அவருக்கு உட்காரச் சாக்கு ஒன்று கொடுத்தான்.

மூன்றாம் நாள் அவன் வரவேயில்லை. எட்டு ஆயிற்று, பத்து ஆயிற்று. மாதையனுக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தார்.

பதினொரு மணிக்குப் பாஞ்சாலி வந்தாள். ஓடைக்கு அந்தப் பக்கமே நின்றாள்.

"காலேஜுக்குப் போய்ட்டான். நாளையோட லீவு முடியுதாம்."

"வுட்டுட்டியா?"

"போவாதன்னு கையப் புடிச்சேன். ஆஜர் கொறஞ்சா பரிச்சை எழுத வுட மாட்டாங்களாம். நான் இன்னா பண்ணட்டும்? சேதி சொல்லிட்டு வர்றேன், இருடான்னேன். நைனாவப் பாத்தா போவ முடியாதும்மான்னு மேற்காலப் பாதையில எறங்கிட்டான்."

"பொட்டிய எடுத்துக்கினு போனானா?"

"ம்."

"சாப்டானா?"

"ரெண்டு உருண்டை. நல்லா சாப்ட்டான்."

இந்நேரம் ஆலங்காயத்தில் பஸ் கிளம்பியிருக்கும். மாதையன் எழுந்து நின்றார். மேற்குப் பாதையைப் பார்த்தார், கொல்லையைப் பார்த்தார், பாஞ்சாலியைப் பார்த்தார். எங்கே போய் உட்கார்ந்தால் அவனை மறிக்கலாம் என்று அவருக்கு விளங்கவில்லை. கடைக்காரன் கேனைத் திறந்து, அன்றைக்கு முதலில் வந்த ரங்கசாமிக்கு ஊற்றினான். மாதையன் மறுபடி அந்தச் சாக்கின்மேலேயே உட்கார்ந்துவிட்டார்.